குடும்ப உபயம்: கோலாலம்பூர் ஆலய நிர்வாகங்களுக்கும் பொது இயக்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், பொது இயக்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

செந்தூல், ஜிஞ்சாங், பந்தாய் டாலாம் வட்டாரங்களின் மலிவு வாடகை அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களோடு பல ஆண்டுகளாகப் பழகிவரும் ஒரு சிறு தொண்டு அமைப்பின் பொருளாளர் நான். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "ஐயா, உங்களிடம் இருபது ஏழைக் குடும்பங்களின் பட்டியல் இருக்குமா? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்துக்கு வரச் சொல்ல முடியுமா?" என்று அன்போடு கேட்பவர்கள் பெரும்பாலும் உங்களில் ஒருவர்தான். நானும் மறுக்காமல் அனுப்பி வைத்திருக்கிறேன். கொடுக்க வேண்டும் என்ற உங்கள் மனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இருபது பெயர்களில் பாதி ஆண்டுதோறும் ஏன் மாறுவதே இல்லை என்பதை உங்கள் முன் வைக்கவும், ஒரு குடும்பத்தோடு இரண்டு ஆண்டுகள் உடன் நடக்கும் "குடும்ப உபயம்" ஒன்றை உங்களிடம் கேட்கவுமே எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். கணவர் லாரி உதவியாளராக இருந்தவர். பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் விழுந்தவர். மூன்று பிள்ளைகள். எங்கள் அமைப்பு அவர்களுக்கு மாதம் 120 ரிங்கிட் மதிப்புள்ள மளிகைப் பொருள்களை நான்கு ஆண்டுகள் தவறாமல் கொடுத்துவந்தது. அதை நாங்கள் பெருமையாகவே நினைத்திருந்தோம். பிறகு எங்களிடம் முழுநேர ஊழியராகச் சேர்ந்த ஓர் இளம்பெண், பொருளை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் அமர்ந்து பேசினார். கட்டிலுக்கடியில் வண்டு பிடித்த ஐந்து அரிசி மூட்டைகள் இருந்தன. மற்றவற்றில் சிலவற்றை அந்த அம்மா பக்கத்து வீடுகளுக்கு விற்று மின்கட்டணம் கட்டியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் தலைகுனிந்தாராம். தலைகுனிய வேண்டியவர்கள் நாங்கள். அந்த வீட்டுக்கு அரிசி தேவைப்படவில்லை என்பதை நான்கு ஆண்டுகளாகக் கேட்டறியாதவர்கள் அல்லவா நாங்கள்.

அன்று மாலை அந்த அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்து தாள்களைத் தரையில் பரப்பினார். எங்கள் வேலை உண்மையில் அங்கேதான் தொடங்கியது. கணவரின் பழைய சம்பளச் சீட்டில், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா பிடித்த கணக்கு இருந்தது. ஆனால் இயலாமை ஓய்வூதியத்துக்கு யாருமே விண்ணப்பித்திருக்கவில்லை, அப்படி ஒன்று உண்டு என்று அவர் வேலை செய்த நிறுவனம் சொல்லவும் இல்லை. மாநகர் மன்றத்துக்கு 11 மாத வாடகை பாக்கி. மாதம் 124 ரிங்கிட் கணக்கில் 1,364 ரிங்கிட். வங்கி அட்டை டின்னில் இல்லை, அது வட்டிக்குக் கொடுத்தவரின் கையில் இருந்தது. கடைசிக் குழந்தைக்கு மருத்துவமனை கொடுத்த பிறப்புப் படிவம் மட்டும் இருந்ததே தவிர, பிறப்புச் சான்றிதழ் இல்லை. குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்த நாள்களில் அவர்கள் வாடகை வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, உறவினர் வீட்டு வரவேற்பறையில் படுத்திருந்தார்கள்.

இந்த நான்கு சிக்கல்களில் எதையும் அரிசி தீர்க்காது. தீர்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். ஓய்வூதியம் கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. தாமதப் பதிவின் வழியாகப் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரப் பதினான்கு மாதங்கள். தேசியப் பதிவு இலாகாவுக்கு எத்தனை நடை என்று எண்ணுவதை எங்கள் ஊழியர் பாதியிலேயே விட்டுவிட்டார். வழக்கறிஞரான தொண்டர் ஒருவர் எழுதிய ஒரே கடிதத்தில் வங்கி அட்டை திரும்பி வந்தது. ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று 1951 ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டியதற்கே அந்தப் பலன். வாடகை பாக்கி தவணையாக மாறியது. இவை எல்லாம் ஓரளவு அடங்கிய பிறகே, "அக்கா, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?" என்ற கேள்வியை எங்கள் ஊழியர் கேட்டார்.

அவருக்கு இடியப்பம் பிழியத் தெரியும். உணவு கையாளும் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி, மாநகர் மன்ற உரிமம் ஆகியவற்றை முடித்துக்கொண்டு, ஆவிச் சட்டிக்கும் எரிவாயு அடுப்புக்கும் 600 ரிங்கிட் முதல் போட்டு, அதிகாலையில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விற்கத் தொடங்கினார். முதல் மூன்று மாதங்கள் வீட்டுக் காசும் வியாபாரக் காசும் ஒரே சுருக்குப் பையில் கிடந்ததால், இலாபமா நட்டமா என்று அவருக்கே தெரியவில்லை. எங்கள் ஊழியர் செவ்வாய்தோறும் போய், மகனின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டுக் கணக்கெழுதப் பழக்கினார். இருபத்திரண்டாவது மாதத்தில் செவ்வாய் வருகையை நிறுத்தினோம். சென்ற ஆண்டு உங்கள் மண்டபத்துக்கு அனுப்பும் பட்டியலில் பழைய வழக்கப்படி அவர் பெயரைச் சேர்த்திருந்தேன். அவரே தொலைபேசியில் அழைத்து நீக்கச் சொன்னார். எட்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டின் எண்ணையும் சொன்னார்.

தன்னாற்றல் என்று நாம் மேடைகளில் பேசும் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இவ்வளவுதான்: மோட்டார் சைக்கிள் பழுதாகும் மாதத்தில் வட்டிக்காரரிடம் போகாமல் சமாளிக்க முடிவது. மாத வருமானம் இத்தனை ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது என்பதை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது. அளவுகோல் எப்படி ஏமாற்றும் என்பதை இந்நாடே பார்த்திருக்கிறது. 2020 இல் தேசிய வறுமைக்கோட்டு வருமானத்தை 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியபோது, 2016 இல் 0.4 விழுக்காடாகச் சொல்லப்பட்ட வறுமை, 2019 க்கு 5.6 விழுக்காடாகக் கணக்கிடப்பட்டது. மக்கள் திடீரென ஏழைகளாகிவிடவில்லை. இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார்கள். கோலாலம்பூரின் மலிவு அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று கண்டது. வானளாவிய கட்டடங்களின் நிழலில் வாழும் பிள்ளைகள் இவர்கள். வயிறு நிறைய சோறு இருந்தும் வளர்ச்சி குன்றுவது எப்படி என்பதை, மூட்டை மூட்டையாக அரிசியும் மாவும் இன்ஸ்டன்ட் மீயும் கொடுத்துவரும் நாம்தான் முதலில் யோசிக்க வேண்டும். முட்டையும் மீனும் கீரையும் அன்பளிப்புக் கூடையில் வருவதில்லை. கையில் சீரான வருமானம் வந்தால்தான் சட்டியில் வரும்.

நீண்ட காலம் உடன் நடக்கும் இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பன்று. வங்காள தேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம், மிக வறிய குடும்பங்களுக்கான தன் திட்டத்தை 2002 இல் தொடங்கியது. கடன் திட்டங்களால்கூட எட்ட முடியாத அடித்தட்டுக் குடும்பங்களுக்குப் பசுவோ ஆடோ போன்ற ஒரு முதலீடு, அதைப் பேணப் பயிற்சி, தொடக்க மாதங்களில் பட்டினி கிடக்காமல் இருக்கச் சிறு உதவித்தொகை, சேமிப்பு, மருத்துவ உதவி, இவற்றோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வீட்டுக்கு வரும் ஓர் ஊழியர் என்பது அதன் அமைப்பு. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இம்முறையைச் சோதித்த ஆய்வு 2015 இல் வெளியானது. உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் குடும்பங்களின் உணவும் உடைமையும் மேம்பட்ட நிலையிலேயே இருந்ததை அது காட்டியது. ஹோண்டுராஸில் மட்டும் கைகொடுக்கவில்லை. கொடுத்த கோழிகள் நோயில் மடிந்தன. கோழி செத்த கதையையும் மறைக்காமல் எழுதியதாலேயே எனக்கு அந்த ஆய்வின் மீது மதிப்பு.

எங்களுக்கும் ஒரு கோழிக்கதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நன்கொடையாளரின் பணத்தில் பன்னிரண்டு தையல் இயந்திரங்களைத் தாய்மார்களுக்கு வழங்கினோம். மண்டபம், மாலை, ஆளுயர மாதிரிக் காசோலை எல்லாம் இருந்தன. ஏற்பாடு செய்தவன் நானே. ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது மூன்று இயந்திரங்கள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் தொலைக்காட்சிப் பெட்டி அமர்ந்திருந்தது. வாடிக்கையாளர் எங்கே, துணி எங்கே வாங்குவது, ஒரு ரவிக்கைக்கு எவ்வளவு கூலி கேட்பது, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுத் தைப்பது என்று ஒரு கேள்வியையும் நாங்கள் கேட்டிருக்கவில்லை. நன்கொடையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் மட்டும் "பன்னிரண்டு குடும்பங்கள் பயனடைந்தன" என்று எழுதியிருந்தேன்.

நம் சமூகத்துக்கு இந்தப் பாடம் புதியது என்று யாரும் சொல்ல முடியாது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்து நின்ற காலத்தில், 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) சேமிக்கச் சொன்னார். பால் மரம் வெட்டியவர்களின் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. அதற்கும் முன்பிருந்தே நம் பெண்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் கூட்டு கட்டி வந்திருக்கிறார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லே இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில், கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே, ஏறியிருப்பதை எண்ணி நான் சில வேளை சிரித்துக்கொள்வதுண்டு. சேமிக்கத் தெரியாத மக்கள் என்று நம்மைச் சொல்பவர்கள் அந்தச் சட்டத்தின் பெயரையாவது ஒருமுறை வாசிக்கலாம்.

அரசாங்கப் பணமும் இல்லாமல் இல்லை. மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுதோறும் 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்படுகிறது. அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குனின் கீழ் இந்தியத் தொழில்முனைவோருக்கென ஸ்புமி கடனுதவி இருக்கிறது. 1987 இல் தொடங்கப்பட்ட சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியார் மலேசியா, இந்தியப் பெண்களுக்கென 2024 இல் "பெண்" என்னும் கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன்பட்டவர்களுக்கு இலவச ஆலோசனை தர ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை முகமை இருக்கிறது. ஆண்டுக்கு 120 ரிங்கிட்டில் இல்லத்தரசிகளுக்கான சொக்சோ பாதுகாப்பு 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் இந்தக் கதவுகளுக்கும் பதினோராவது மாடிக்கும் இடையே நடந்து செல்லும் கால்கள்தான் இல்லை. இணையப் படிவத்தை மலாய்மொழியில் நிரப்பி, வங்கி அறிக்கையை இணைத்து, குறித்த நாளுக்குள் அனுப்ப முடிந்தவர்களுக்கே இத்திட்டங்கள் எட்டுகின்றன. அப்படிச் செய்ய முடிந்தவர் பெரும்பாலும் ஏற்கனவே பாதி மேடேறியவர். கணக்கெழுதப் பழகாத கைக்கு முதலில் கடனைக் கொடுத்தால், அது இரண்டாவது வட்டிக்காரராகவே முடியும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இனி, பணக் கணக்குக்கு வருகிறேன். பொருளாளன் என்பதால் இதில் சற்று நின்று பேச அனுமதியுங்கள். ஓர் ஊழியருக்கு மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம். சேமநிதி, சொக்சோ, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,600. அவர் ஒரே நேரத்தில் பதினைந்து குடும்பங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் போனால் அது வருகைப் பதிவேடாக மாறிவிடும். ஆகவே ஒரு குடும்பத்துக்கு மாதம் 240 ரிங்கிட். 24 மாதங்களுக்கு 5,760. நான் மேலே சொன்ன குடும்பத்துக்கு நாங்கள் நான்கு ஆண்டுகள் கொடுத்த மளிகைப் பொருளின் மதிப்பும், மாதம் 120 வீதம் 48 மாதங்களுக்கு, அதே 5,760 ரிங்கிட்தான். இந்த இரண்டு கூட்டலும் ஒரே எண்ணில் வந்து நின்ற இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் மளிகைக்குக் கேட்டால் நன்கொடை வருகிறது. ஊழியர் சம்பளத்துக்குக் கேட்டால், "நிர்வாகச் செலவுக்குக் கொடுப்பதில்லை" என்ற பதில் வருகிறது. ஐயா, மருத்துவமனைக்கு மருந்து வாங்கித் தருவோம், மருத்துவருக்குச் சம்பளம் தரமாட்டோம் என்று எவரும் சொல்வதில்லையே. எங்கள் துறையில் அந்த ஊழியர்தான் மருந்து. நல்ல ஊழியர்கள் ஓராண்டில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு பதினைந்து குடும்பங்களின் நம்பிக்கையும் போய்விடுகிறது. அடுத்து வருபவரிடம் அந்த அம்மாக்கள் பிஸ்கட் டின்னை மீண்டும் திறக்க ஆறு மாதமாவது ஆகும்.

ஆதலால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஆலயத் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயக்காரர் இருக்கிறார். பூ, பால், அன்னதானம், மேளம் என எல்லாவற்றுக்கும் ஒரு குடும்பம் பொறுப்பேற்று, தலைமுறை தலைமுறையாக விடாமல் செய்துவருகிறது. ஆண்டுகள் கடந்தும் அறுந்துபோகாத இந்தப் பொறுப்புணர்வு நம்மிடம் உள்ள பெருஞ்செல்வம். அதே உபயப் பட்டியலில் "குடும்ப உபயம்" என்று ஒரு வரியைச் சேருங்கள். ஒரு குடும்பம், 24 மாதங்கள், மாதம் 240 ரிங்கிட். ஓர் ஆலயம் மூன்று குடும்பங்களை ஏற்றால், ஐந்து ஆலயங்கள் சேர்ந்து ஓர் ஊழியரை நிலைநிறுத்திவிடலாம். அவர் எங்கள் அமைப்பின் ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்வியிலும் கைத்தொழில் பயிற்சியிலும் நம்மிடையே தழைத்த அமைப்புகள் பல உள்ளன. 1979 இல் தோன்றிய, கல்வி நல ஆய்வு அறவாரியமான இ.டபிள்யூ.ஆர்.எஃப்., 1982 இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம், இடைநின்ற இளைஞர்களுக்காக உருவான மைஸ்கில்ஸ் அறவாரியம் போன்றவை நாடறிந்தவை. பிள்ளையின் படிப்புக்கு அவர்களிடமும், கடனுக்கு ஏ.கே.பி.கே.யிடமும், ஓய்வூதியத்துக்கு சொக்சோவிடமும் குடும்பத்தைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதே இந்த ஊழியரின் வேலை.

உபயக்காரருக்கு நாங்கள் தரக்கூடியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயரில்லாத ஓர் அறிக்கை மட்டுமே: எத்தனை தாள்கள் சரியாயின, கடன் எவ்வளவு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, சேமிப்பு உண்டா என்று. தோல்வியையும் எழுதுவோம். எல்லாக் குடும்பங்களும் கரையேறுவதில்லை. குடியோ நோயோ, சில வேளை எங்கள் அவசரமோ பாதியில் கவிழ்த்துவிடுவதுண்டு. புகைப்படம் மட்டும் தரமாட்டோம். மண்டபத்தில் அரிசி மூட்டையோடு நின்ற தாயின் படத்தை வகுப்புத் தோழர்கள் கைப்பேசியில் பார்த்துவிட்டதால், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இரண்டு வாரம் பள்ளிக்குப் போகாமல் இருந்ததை அறிந்த பிறகு எடுத்த முடிவு இது.

ஆலயத்தாரிடம் மட்டும் இன்னுமொன்று கேட்க வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை. பதிவு செய்யப்படாத திருமணத்துக்கு உங்கள் மண்டபத்தில் தாலி கட்ட இடமளிக்காதீர்கள். 1982 மார்ச் 1 ஆம் நாள் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்தே அமைகிறது. தாய் வெளிநாட்டவராகவோ ஆவணமற்றவராகவோ இருந்தால், தந்தை நீல அடையாள அட்டை வைத்திருக்கும் மலேசியக் குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். பள்ளிப் பதிவிலிருந்து அரசு மருத்துவமனைக் கட்டணம் வரை ஒவ்வொரு வாசலிலும் அது நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாகிறது. திருமணத் துணைப் பதிவாளர்கள் உள்ள ஆலயங்கள் பல இருக்கின்றன. தேதி குறிக்க வருபவர்களிடம், நட்சத்திரம் கேட்பதற்கு முன் பதிவுத் தாளைக் கேளுங்கள். எங்கள் ஊழியர்களின் பல மாத உழைப்பு அந்த ஒரு கேள்வியில் மிச்சமாகும்.

"இது அரசாங்கத்தின் வேலையல்லவா?" என்று உங்கள் செயலவையில் ஒருவராவது கேட்பார். ஆம், அரசாங்கத்தின் வேலையும்தான். ஆனால் அந்த அம்மா சமூகநல இலாகாவின் கதவைத் தட்டவில்லை; வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் ஆலயத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார். அவருடைய பிஸ்கட் டின்னை முதலில் பார்த்திருக்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

வரும் தைப்பூசக் கணக்குகளை முடித்த பிறகு நடக்கும் உங்கள் செயலவைக் கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால், கணக்குப் புத்தகங்களோடு நேரில் வருகிறேன். தோல்வியுற்ற தையல் இயந்திரங்களின் கோப்பையும் கூடவே கொண்டுவருவேன். எந்த நாள் சொன்னாலும் எனக்கு வசதியே. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று வீட்டு வருகை இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
செந்தூல் வட்டாரத் தொண்டு அமைப்பொன்றின் பொருளாளர்,
கோலாலம்பூர்